ஓவர்கோட்டைத் திருப்பிப் பாருங்கள்

எடின்பரோவுக்கு வேலைக்குப் போயிருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "கம்பளி ஓவர்கோட் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். செஸ்டர்ஃபீல்ட், போலோ, அல்ஸ்டர், பிரிட்டிஷ் வார்ம் என்று வரிசையாகப் பெயர் சொல்கிறார்கள். எனக்கு எல்லாமே நீளமான கோட்டாகத்தான் தெரிகிறது. உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா? முதல் கோட்டாக எதை வாங்கலாம்?"

வித்தியாசம் இருக்கிறது தம்பி, நிறையவே இருக்கிறது. ஆனால் முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கடைக்காரர்கள் முன்பக்கம் தெரியும்படிதான் மாட்டி வைப்பார்கள். நான் லண்டனில் இருபது வருடங்களுக்கு மேல் ஆல்ட்ரேஷன் வேலை பார்த்தவன். பழைய கோட் ஒன்று மேசைக்கு வந்தால் முதலில் அதைக் கவிழ்த்துப் போட்டு முதுகைப் பார்ப்பேன். அப்புறம் காலரைத் தூக்கி நிறுத்திப் பார்ப்பேன். மூன்றாவதாகத் தோளில் கை எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பேன். முதுகு, காலர், தோள் ஆகிய மூன்றும் தெரிந்துவிட்டால் அது எந்த வகைக் கோட் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம்.

காரணம் இதுதான். இந்தக் கோட்டுகளை யாரும் ஃபேஷனுக்காக உட்கார்ந்து வரையவில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறிப்பிட்ட குளிரில் நின்ற ஆளுக்காகத் தைத்தது. அணிவகுப்பு மைதானத்தில் அசையாமல் நிற்பவனின் குளிர் வேறு, திறந்த வண்டியில் ஊர்விட்டு ஊர் போகிறவனின் குளிர் வேறு, வியர்க்க விளையாடிவிட்டு உட்கார்ந்திருப்பவனின் குளிர் வேறு. அந்தக் குளிருக்கு என்ன தேவைப்பட்டதோ அதுதான் முதுகில் கொசுவமாகவும் காலரில் அகலமாகவும் பையில் மூடியாகவும் இன்றுவரை நிற்கிறது.

செஸ்டர்ஃபீல்டிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும் இதோடு ஒப்பிட்டுத்தான் புரிந்துகொள்ள முடியும். இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டின் ஆறாம் பிரபுவாக இருந்த ஜார்ஜ் ஸ்டான்ஹோப்பின் பட்டப்பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. 1840களில் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முன் கனவான்கள் போட்ட மேல்கோட்டுகளில் இடுப்பில் குறுக்கே ஒரு தையல் ஓடும். மேல்பாகம் உடம்பைப் பிடித்து நிற்க, கீழ்பாகம் பாவாடை போல விரியும். செஸ்டர்ஃபீல்ட் அந்த இடுப்புத் தையலையே எடுத்துவிட்டது. தோளிலிருந்து முழங்கால் வரை துணி ஒரே ஓட்டமாக விழுகிறது. இன்று சாதாரணமாக நாம் பார்க்கும் ஓவர்கோட்டின் உருவம் அங்கேதான் பிறந்தது.

அதைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் ஒன்றுமே இருக்காது. பெல்ட் இல்லை, கொசுவம் இல்லை. நடுவில் ஒரு தையல், கீழே ஒரு திறப்பு, அவ்வளவுதான். முன்பக்கம் பெரும்பாலும் ஒற்றை வரிசைப் பொத்தான், அதையும் ஒரு துணிப்பட்டி மூடியிருக்கும். பைகள் துணிக்குள்ளேயே மறைந்து, மூடி மட்டும் வெளியே தெரியும். கறுப்பு, கரும் சாம்பல், கருநீலம் ஆகியவைதான் இதன் நிறங்கள். காலரின் மேல்பாதியில் மட்டும் கறுப்பு வெல்வெட் வைத்த செஸ்டர்ஃபீல்டுகளும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்ட பிரபுக்களுக்குத் துக்கம் காட்டத்தான் அந்த வெல்வெட் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புரட்சிக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய அரை நூற்றாண்டு கிடக்கிறது. கழுத்து உரசி முதலில் அழுக்கேறித் தேய்வது காலர்தான். தேய்ந்த காலரின் மேல் புது வெல்வெட் வைத்துத் தைத்த கோட்டுகளை நானே பிரித்திருக்கிறேன். உள்ளே பழைய காலர் பளபளவென்று தேய்ந்து அப்படியே இருக்கும். துக்கக் கதையைவிட அந்தத் தேய்ந்த துணியைத்தான் நான் நம்புகிறேன்.

ஆக, செஸ்டர்ஃபீல்ட் ஊருக்குள் உடுத்தும் கோட். சூட்டுக்கு மேலே, அலுவலகத்துக்கு, மாலை விருந்துக்கு, சாவு வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாம். மலைக்காற்றில் நிற்பதற்கு இல்லை. அதன் காலரைத் தூக்கி நிறுத்திப் பாருங்கள், கழுத்தின் பின்பக்கம் மட்டும்தான் மூடும். தொண்டைக்குழி திறந்தே கிடக்கும். அதற்குத்தான் மஃப்ளர் என்று சொல்லிவிடுவார்கள்.

இப்போது அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போகலாம். அல்ஸ்டர். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அயர்லாந்தின் வடக்கு மாகாணத்தின் பெயர் அல்ஸ்டர். விக்டோரியா ராணி காலத்தில் பயணத்துக்காகத் தைத்த முரட்டுக் கோட் இது. தொடக்கத்தில் தோளிலிருந்து முழங்கை வரை தொங்கும் ஒரு கேப் அதன் மேலே இருந்தது. குதிரை வண்டியின் திறந்த இருக்கையிலும் சூடு இல்லாத ரயில் பெட்டியிலும் மணிக்கணக்காக உட்கார்ந்து போகிறவர்களுக்கு அது தேவையாக இருந்தது. காலப்போக்கில் கேப் போய்விட்டது, கோட் மட்டும் நின்றது. துணி பெரும்பாலும் டோனிகல் ட்வீட். சாம்பல் அல்லது பழுப்புத் துணியில் ஆங்காங்கே சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் சிறு முடிச்சுகள் தெறித்துக் கிடக்குமே, அந்தத் துணி. டோனிகல் மாவட்டம் இன்று அயர்லாந்துக் குடியரசில் இருந்தாலும், பழைய அல்ஸ்டர் மாகாணத்தின் ஒன்பது மாவட்டங்களில் அதுவும் ஒன்று. கோட்டும் துணியும் ஒரே மண்ணைச் சேர்ந்தவை.

அல்ஸ்டரின் உயிர் அதன் காலரில் இருக்கிறது. சாதாரணக் கோட்டில் மேல் காலர் சிறிதாகவும், மார்பில் மடிந்து விழும் பகுதி பெரிதாகவும் இருக்கும். அந்த மடிப்பைத்தான் லேப்பல் என்கிறார்கள். அல்ஸ்டரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலம். மடக்கிப் போட்டிருக்கும்போது ஏதோ பெரிய காலர் என்று மட்டும்தான் தோன்றும். தூக்கி நிறுத்தினால்தான் விஷயம் தெரியும். காது வரை ஏறி, லேப்பலும் மேலே வந்து தொண்டையை முழுக்க மூடிக்கொள்ளும். மேலே ஒரு பொத்தானையும் மாட்டிவிட்டால் காற்றுக்கு வழியே இல்லை. உங்கள் ஊரில் வேவர்லி ரயில் நிலையத்துக்கு மேலே போகிறதே நார்த் பிரிட்ஜ், அதன் நடுவில் ஒரு ஜனவரி மாலையில் அல்ஸ்டர் காலரைத் தூக்கிவிட்டு நின்றிருக்கிறேன். கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று கண்ணில் நீர் வரவைத்தது. கோட்டுக்குள் என் கழுத்து வெதுவெதுப்பாக இருந்தது. என் மூச்சின் சூடு ட்வீடில் பட்டு, கம்பளியின் மணத்தோடு எனக்கே திரும்பி வந்தது. இந்தக் காலரை ஏன் இப்படி வெட்டினார்கள் என்று கைவேலையாக எத்தனையோ முறை செய்தும் புரியாதது அந்தப் பாலத்தில்தான் எனக்குப் புரிந்தது.

மற்ற அடையாளங்கள்: முன்பக்கம் இரட்டை வரிசைப் பொத்தான், அதாவது ஒரு பக்கம் இன்னொன்றின் மேல் நன்றாக ஏறிக் கிடக்கும். மார்பில் துணி இரண்டு மடங்கு. பைகள் துணிமேல் ஒட்டிவைத்துத் தைத்தவை, பெரியவை, மூடி போட்டவை, கையுறை போட்ட கை தாராளமாக நுழையும். கைமுனையில் துணி மடக்கி விட்டிருக்கும். முதுகில் இடுப்பளவில் பாதி பெல்ட், அதற்குக் கீழே கொசுவம். உட்காரும்போது கொசுவம் விரிந்து தொடையை மூடும், எழுந்தால் பெல்ட் அதை மறுபடி அடுக்கிவிடும். செஸ்டர்ஃபீல்டின் வெறும் முதுகையும் அல்ஸ்டரின் இந்த முதுகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஒருமுறை ஒரு பையன் தாத்தாவின் அல்ஸ்டர் என்று கொண்டுவந்தான். அதற்கு முன்பே யாரோ அதை ஒரு சாண் வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்கள். ஒட்டுப்பையின் அடிவிளிம்பும் கோட்டின் அடிவிளிம்பும் கிட்டத்தட்ட ஒட்டிப்போய் இருந்தன. அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒட்டுப்பை வைத்த கோட்டின் நீளத்தில் கை வைக்கக் கூடாது. பையை மேலே ஏற்றலாம் என்றால் பழைய தையல் இருந்த இடம் துணியில் கோடாகத் தெரியும்.

போலோ கோட்டைப் பார்த்ததும் அல்ஸ்டரின் தம்பி என்று சொல்லத் தோன்றும். ஆறோ எட்டோ பொத்தான், ஒட்டுப்பை, மடக்கிய கைமுனை, முதுகில் பாதி பெல்ட் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் பிறந்த வீடு வேறு. இன்று உலகம் ஆடும் போலோ மணிப்பூரிலிருந்து போனது. அங்கிருந்தவர்கள் ஆடுவதைப் பார்த்துத்தான் அசாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிரிட்டிஷார் கற்றுக்கொண்டார்கள். 1859இல் சில்சாரில் கிளப் தொடங்கினார்கள். அங்கிருந்து ஆட்டம் இங்கிலாந்துக்குப் போனது. ஆட்டத்தில் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும்போது வியர்த்த உடம்பு சட்டென்று குளிரும். அப்போது மேலே போர்த்திக்கொள்ள ஒரு தளர்ந்த கோட் தேவைப்பட்டது. ஆரம்பத்தில் அதற்குப் பொத்தான்கூட இல்லை, பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொள்வார்கள். 1910 வாக்கில் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் அதைப் பொத்தான் வைத்த கோட்டாக அமெரிக்காவில் பிரபலமாக்கியது. 1920களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கால்பந்து மைதானங்களில் அதைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

இதில் துணியே வேறு. ஒட்டக ரோமம். நம் ராஜஸ்தான் ஒட்டகம் இல்லை, மங்கோலியா, சீனா பக்கத்து இரட்டைத் திமில் ஒட்டகம். வசந்தத்தில் அது உதிர்க்கும் அடிரோமம்தான் நூலாகிறது. அதனால்தான் போலோ கோட் அந்த இளம் பழுப்பு நிறத்தில் இருக்கிறது. கையில் எடுத்தால் ட்வீட் போல முரடாக இருக்காது, பூனைக்குட்டியைத் தொட்டதுபோல இருக்கும். எடைக்குத் தகுந்ததைவிட அதிகச் சூடு கொடுக்கும். ஆனால் சீக்கிரம் தேயும். கைமுனையும் பை விளிம்பும் முதலில் வழுக்கையாகும். தோளில் தினமும் லேப்டாப் பை மாட்டுகிறவருக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். பட்டை உரசும் இடத்தில் ஒரே குளிர்காலத்தில் ரோமம் போய்விடும்.

அடுத்து ராணுவக் குடும்பம். இதில் இரண்டு பேர் முக்கியம், இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று கார்ட்ஸ் கோட். லண்டன் அரண்மனைக் காவல் படைகளின் அதிகாரிகள் போட்ட கோட்டிலிருந்து வந்தது. கருநீலம், இரட்டை வரிசை, லேப்பலின் முனை தோளை நோக்கிக் கூர்ந்து நிற்கும். முதுகில் பாதி பெல்ட்டும் ஆழமான கொசுவமும் உண்டு. அல்ஸ்டரின் முதுகுதான், ஆனால் உடம்பைப் பிடித்து, விறைப்பாக நிற்கும்படி தைத்தது. (அந்தக் காவல் படைகள் ஐந்தையும் சீருடைப் பொத்தானை வைத்தே அடையாளம் காணலாம். கிரெனடியருக்குப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக வரும், கோல்ட்ஸ்ட்ரீமுக்கு இரண்டிரண்டாக, ஸ்காட்ஸுக்கு மும்மூன்றாக, ஐரிஷுக்கு நான்கு நான்காக, வெல்ஷுக்கு ஐந்தைந்தாக. லண்டன் போனால் எண்ணிப் பாருங்கள்.) சூட்டுக்கு மேலே போடவும் வேண்டும், காற்றையும் தடுக்க வேண்டும் என்றால் கார்ட்ஸ் கோட் செஸ்டர்ஃபீல்டைவிட நல்லது.

இன்னொன்று பிரிட்டிஷ் வார்ம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் போட்டது. சேறு படிந்த சாம்பல்பழுப்பு நிறம், ஆறு பொத்தான், அந்தப் பொத்தான்கள் தோலைப் பின்னிச் செய்தவை, சிறிய கால்பந்து போல உருண்டு இருக்கும். தோளில் பட்டை உண்டு. முதுகில் பெல்ட் கிடையாது. நீளம் முழங்காலோடு நின்றுவிடும் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். வின்ஸ்டன் சர்ச்சில் இதைப் போட்ட படங்கள் நிறைய உண்டு. சூட்டுக்கும் பொருந்தும், ஸ்வெட்டருக்கும் பொருந்தும் என்பதுதான் இதன் பெரிய நன்மை. தோளில் அந்தப் பட்டை இருப்பதால் அகன்ற தோள்காரர்களுக்குக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். ஒல்லியானவர்களுக்கு நன்றாக இருக்கும்.

கவர்ட் கோட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கனமான கோட் என்று அதைச் சொல்ல முடியாது. குதிரையில் நரி வேட்டைக்குப் போனவர்களுக்காக வந்தது. நரி பதுங்கும் புதருக்குத்தான் கவர்ட் என்று பெயர். இரண்டு நிற நூலை முறுக்கி நெருக்கமாக நெய்த துணி, பச்சையும் பழுப்பும் கலந்தாற்போல இருக்கும். கோட்டின் அடிவிளிம்பிலும் கைமுனையிலும் பக்கம் பக்கமாக நான்கைந்து வரிசைத் தையல் ஓடும். முள் கிழிக்கக் கூடாது என்று போட்டது. அந்தத் தையல் வரிசையைப் பார்த்தால் போதும், வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

தோளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இதுவரை சொன்ன எல்லாக் கோட்டுகளிலும் கை தோள்மூட்டில் வட்டமாகச் சேர்ந்திருக்கும், சட்டையில் இருப்பதுபோல. இன்னொரு வகையில் தையல் கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இறங்கும். தோளும் கையும் ஒரே துண்டுத் துணி. அதுதான் ராக்லன். 1815இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்தவர் ஃபிட்ஸ்ராய் சோமர்செட். பின்னாளில் ராக்லன் பிரபு ஆனார், கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கினார். ஒற்றைக் கையோடு கோட் போட வசதியாக அவருக்காக இப்படி வெட்டினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வாட்டர்லூவில் அவர் பிரிட்டிஷ் படைத்தலைவர் வெலிங்டனின் பக்கத்திலேயே இருந்தவர். உங்கள் நார்த் பிரிட்ஜின் வடமுனையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த வெலிங்டன்தான்.

ராக்லன் கை வைத்து, சின்னக் காலரோடு, கழுத்து வரை பொத்தான் போட்டு, கீழே மணி போல விரியும் ட்வீட் கோட்டுக்குப் பால்மகான் என்று பெயர். ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் பக்கத்திலிருக்கும் ஒரு பண்ணை நிலத்தின் பெயர் அது. முதுகில் பெல்ட்டும் கிடையாது, இடுப்பும் கிடையாது. தைக்கிறவன் கண்ணில் இது ரொம்ப நேர்மையான கோட். உள்ளே தடித்த ஸ்வெட்டர் போட்டாலும் இடம் கொடுக்கும், சூட் போட்டாலும் சூட்டின் தோளை அமுக்காது. ஆயத்த அளவில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தோள்மூட்டில் தையல் இல்லாததால் உங்கள் தோள் கடை அளவைவிட அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் வெளியே தெரியாது. மற்ற கோட்டுகளில் அந்த அரை அங்குலம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆல்ப்ஸில் டிரோல் மலைப்பகுதியின் பச்சை லோடன் கோட், முதுகில் தோள் உயரத்திலிருந்தே கொசுவம் விழுவது, அழகானது, இலேசானது, மழைத்துளி அதில் உருண்டு ஓடும். பெல்ஜியத்தின் டஃபல் என்ற ஊர்த் துணியின் பெயரை வாங்கிக்கொண்ட டஃபல் கோட் பிரிட்டிஷ் கடற்படையில் புழங்கியது. பொத்தானுக்குப் பதில் மரக்கட்டையும் கயிறும் வைத்தது கையுறையைக் கழற்றாமல் மாட்டுவதற்காக. இரண்டாம் உலகப் போர் முடிந்து மிச்சச் சரக்கு மலிவாகச் சந்தைக்கு வந்ததும் மாணவர்கள் வாங்கிப் போட்டார்கள். இரண்டும் நல்ல கோட்டுகள்தான், ஆனால் சூட்டுக்கு மேலே போட என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன். மாலுமிகளின் குட்டைப் பீ கோட் இடுப்போடு நிற்பதால் ஓவர்கோட் கணக்கிலேயே வராது.

சரி, பெயர்கள் போதும். இப்போது துணி. பெயரைவிட இதுதான் உங்களைக் காப்பாற்றும்.

சூட் துணி ஒரு மீட்டர் நீளம் 250 முதல் 350 கிராம் வரை இருக்கும். ஓவர்கோட் என்று சொல்லத் தகுந்த துணி 600 கிராமிலிருந்து தொடங்க வேண்டும். பழைய ராணுவக் கோட்டுகளில் 900, 1000 கிராம் எல்லாம் சாதாரணம். நெடிய இரட்டை வரிசைக் கோட்டுக்கு மூன்று மீட்டர் துணி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், தோளில் 3 கிலோ ஏறும். அந்தப் பாரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தோள் சரியாக வெட்டியிருந்தால் கனம் முதுகெங்கும் பரவிவிடும், பத்து நிமிடத்தில் மறந்துவிடுவீர்கள். 400 கிராம் துணியில் செஸ்டர்ஃபீல்ட் மாதிரி ஒன்றைத் தைத்துக் கடையில் மாட்டினால் அது கண்ணுக்குத்தான் செஸ்டர்ஃபீல்ட். காற்றடித்தால் காலோடு ஒட்டிக்கொண்டு படபடக்கும்.

கனமான துணிகளில் முக்கியமானது மெல்டன். லெஸ்டர்ஷரில் நரி வேட்டைக்குப் பேர்போன மெல்டன் மோப்ரே என்ற ஊரின் பெயர். கம்பளியை நெய்து, ஈரத்திலும் சோப்பிலும் போட்டு அடித்துச் சுருக்குவார்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நெசவே தெரியாமல் போகும். பிறகு மேல் ரோமத்தைச் சீவி எழுப்பி, ஒட்ட நறுக்கிவிடுவார்கள். நல்ல மெல்டனைக் கத்தரியால் வெட்டினால் விளிம்பில் நூல் பிரியாது, கேக்கை வெட்டியதுபோல நிற்கும். காற்று ஊடுருவாததற்கும் அதே காரணம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. எடின்பரோவின் சாரலுக்கு அது போதும். கொட்டும் மழைக்குக் குடை எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவிலும் மொண்ட்ரியலிலும் இருக்கும் நம்மவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: மைனஸ் 15க்குக் கீழே போகும் நாளில் கம்பளிக் கோட்டை நம்ப வேண்டாம், தலைமூடி வைத்த பஞ்சுக் கோட்டான பார்க்காவை எடுங்கள்.

வாங்கும்போது உள்ளே இருக்கும் சீட்டைப் பாருங்கள். கம்பளி 80 சதவீதத்துக்குக் குறைந்தால் கீழே வையுங்கள். அடுத்து லேப்பலைக் கையில் எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உள்ளே கேன்வாஸ் என்ற விறைப்பான துணியை வைத்துக் கையால் தைத்திருந்தால் வெளித்துணியும் உள்துணியும் தனித்தனியே நழுவும், நடுவில் மூன்றாவதாக ஒன்று இருப்பது விரலுக்குத் தெரியும். லேப்பலின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் ஊசி குத்திய இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளமாகத் தெரியும். பசை வைத்து ஒட்டியிருந்தால் எல்லாம் ஒரே அட்டையாக மடங்கும். ஓரிரு முறை டிரை கிளீனிங் போனதும் அங்கே குமிழ் எழும்பலாம், அதை எந்த டெய்லராலும் சரிசெய்ய முடியாது.

பழைய கோட் வாங்கத் தயங்க வேண்டாம். உங்கள் ஊர் சாரிட்டி கடைகளில் இன்றைய புதுக் கோட்டைவிட நல்ல துணியில் தைத்த கோட் இன்னும் கிடைக்கிறது. ஆனால் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பாருங்கள். அந்துப்பூச்சி அரித்த துளை உள்ளே லைனிங் இருப்பதால் சாதாரணமாகத் தெரியாது. காலருக்கு அடியிலும் பைமூடிக்கு அடியிலும் தூக்கிப் பாருங்கள், புழு இருட்டில்தான் தின்னும்.

அளவில் ஒரு தப்பு எல்லோரும் செய்கிறார்கள். சூட் 40 என்றால் ஓவர்கோட் 42 வாங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். உள்ளே சூட் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் 40 என்று எழுதியிருப்பார்கள். சூட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் 40ஐயே மாட்டிப் பாருங்கள். கையை முன்னால் நீட்டி, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோலத் தூக்கிப் பாருங்கள். முதுகு இழுக்கக் கூடாது. கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம், தோளை மட்டும் தொட முடியாது. நீளம் முழங்காலையாவது தொட வேண்டும். தொடை நடுவில் நிற்கும் கோட்டுகளை இப்போது நிறைய விற்கிறார்கள். காற்று கீழேயிருந்துதான் ஏறும், அந்தக் கோட்டில் நீங்கள் நடுங்கத்தான் செய்வீர்கள்.

முதல் கோட்டாக எது? தினமும் சூட்டில் போகும் வேலை என்றால் கருநீல கார்ட்ஸ் கோட். செஸ்டர்ஃபீல்டை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். சட்டையும் ஸ்வெட்டருமாகப் போகும் வேலை என்றால், எடின்பரோவில் அநேகமாக அப்படித்தான் இருக்கும், ட்வீட் பால்மகான் வாங்குங்கள். கையில் காசு சேர்ந்து, பஸ்ஸுக்குக் காத்து நின்று காற்றோடு பழகிய பிறகு ஒரு அல்ஸ்டர். அதை ஆயுளுக்கும் வைத்துக்கொள்வீர்கள். அகலமான மர ஹேங்கரில் மாட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் மேலிருந்து கீழாகப் பிரஷ் போடுங்கள், டிரை கிளீனிங் வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலம் முடிந்து உள்ளே எடுத்து வைப்பதற்கு முன்பு மட்டும்.

புதுக் கோட்டாக இருந்தால் போடுவதற்கு முன் அதையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்பக்கத் திறப்பில் பெருக்கல் குறி போல இரண்டு நூல் குறுக்கே போட்டிருக்கும். கடைக்கு வரும் வழியில் கசங்காமல் இருக்கப் போட்டது. அதைப் பிரிக்காமலே ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்டுக்கொண்டு, நடக்கும்போது பின்னால் இழுக்கிறது என்று கொண்டுவந்தவர்கள் பலர். சின்னக் கத்தரியால் அந்த நூலை மட்டும் வெட்டி, மெதுவாக உருவிவிடுங்கள். பைகளும் லேசாகத் தைத்து மூடியிருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள், கையுறையை வைக்க இடம் வேண்டுமே.